மூன்றாவது கொடிக்கம்பம்

வரிச்சிக்குடி நிறுத்தத்தில் காரைக்கால் பேருந்துக்காக நிற்கிறேன். இரண்டு பெரிய கட்சிகளின் கொடிக்கம்பங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கட்சியின் கம்பம் மூன்றாவதாக நிற்கிறது. அதன் மேடைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும் ராஜேந்திரன், அந்தச் சின்னக் கட்சிக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் ஆள்.

“ரொம்ப வருசமா தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாமே நான் ஒருத்தன்தாங்க,” என்கிறார். “கூட்டம் போட்டா நானும் வீட்டுக்காரியும்தான் உக்காந்திருப்போம். ரெண்டு கட்சிக்காரங்களும் டீ வாங்கிக் குடுத்துக் கிண்டல் பண்ணுவாங்க. இப்ப அவங்க வீட்டுப் புள்ளைங்களே நம்மகிட்ட வந்துட்டாங்க.”

“அப்ப நீங்கதான் இன்னமும் தலைவரா?”

பிரஷ் நின்றுவிடுகிறது. “போன வாரம் உள்கட்சித் தேர்தல் வச்சோம். ஒரு ஓட்டுல தோத்துட்டேன்.”

தூக்குவாளியில் டீயோடு வந்த அவர் மனைவி செல்வி, நான் கேட்காமலே சொல்கிறார்: “அந்த ஓட்டு என்னோடதுதாங்க. ஆளே இல்லாதப்ப இவர் எல்லாத்தையும் பாத்தாரு, சரி. இப்பதான் ஆள் வந்துட்டாங்கள்ல.”

ராஜேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனாலும் டீயை வாங்கிக் குடிக்கிறார். செல்வி கிளம்பியதும் என் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்:

“வீட்டுக்குள்ளயே ரெண்டு கோஷ்டி ஆயிடுச்சு, பாத்தீங்களா? இனிமே நாங்களும் பெரிய கட்சிதாங்க.”