நீர்மாலைத் தண்ணீர்

மலையம்மாள் மதினியைக் கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் தவசி வீட்டு வாசலில் வெயிலில் நின்றிருக்கிறார்களா?

மதினி என் அண்ணன் சுடலையின் மனைவி. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர். மாணவர் விடுதி ஒன்றில் பல வருடம் இட்லி ஊற்றி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அதிர்ந்து பேசாத ஆள். அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் தவசி. ஊருக்கு அவர் 'பிரசிடெண்டு'. தண்ணீர்த் தொட்டியின் வால்வுச் சாவி அவர் வீட்டில்தான் தொங்கும். எங்கள் தெரு அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் குழாயில் காற்றுதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அம்மா இறந்துபோனார். எங்கள் ஊரில் பிணத்தைக் குளிப்பாட்ட வீட்டுத் தண்ணீர் ஆகாது. பிள்ளைகள் குடத்தோடு, கொட்டுச் சத்தத்தோடு போய், அவரவர் தெருக் குழாயில் நீர்மாலை எடுத்து வரவேண்டும். மதினி தவசி வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் தொறந்து விடுங்கண்ணே. நீர்மாலை எடுக்கணும்."

வெகுநேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டு, உள்ளேயிருந்தே பதில் சொன்னார் தவசி. "பிரசிடெண்டுக்கு எம்புட்டு அதிகாரம்னு உங்க தெருவுக்கும் தெரியட்டும்."

நானும் அண்ணனும் காய்ந்த குழாயடியில் குடத்தோடு நின்றோம். கடைசியில், கடையில் வாங்கிய கேன் தண்ணீரில்தான் அம்மாவைக் குளிப்பாட்டினோம். மதினி அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மதினி நின்று ஜெயித்தார். சாவி எங்கள் வீட்டுக்கு வந்தது.

"அவுக தெருவ அடைச்சிருங்க மதினி!" என்று நான் குதித்தேன். அவர் காது கொடுக்கவில்லை. கிராம சபையில் எழுந்து, தெருவுக்குத் தெரு நேரம் வைப்போம், சாவி தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கட்டும், சாவு வீட்டுக்கு மட்டும் பிரசிடெண்டு சொன்னால் எந்நேரமும் திறக்கலாம் என்றார்.

தவசி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அதென்ன சாவுக்கு மட்டும்? நாளைக்கு இந்தம்மா கல்யாணம்பாக, காதுகுத்தும்பாக. பிரசிடெண்டுன்னா ஊருக்கு வேலையாளு. வால்வுல கை வைக்க என்ன அதிகாரம்?"

பதவி போனதும் மனுஷனுக்கு ஞானம் எப்படி வருகிறது பாருங்கள்! அவர் ஆட்கள் கை தூக்கினார்கள். எங்கள் தெருவிலும் பாதிப் பேர், பட்டது போதும், எந்தப் பிரசிடெண்டு கையிலும் வால்வு வேண்டாம் என்று தூக்கினார்கள். மதினி தவசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளர்க்கிடம், "தவசியண்ணன் சொன்னபடியே எழுதிக்கங்க" என்றார்.

ஒரு சித்திரை மாதம் தவசியின் அம்மா போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் பிணத்தை எடுக்கவேண்டும். அவர்கள் தெருவுக்கு மறுநாள் காலையில்தான் தண்ணீர். ஆபரேட்டர் பாண்டிராஜ் தீர்மானத்தைச் சொல்லிக் கையை விரித்துவிட்டான். உச்சி வெயிலில் தவசி எங்கள் வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை.

"தாயி, நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், பாண்டிராஜ் தொறந்துருவான்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மதினி குரலை உயர்த்தவில்லை. "எனக்கு அதிகாரம் இல்லண்ணே. நீங்கதான எடுத்துவிட்டீக."

"சாவு வீடும்மா..."

"தெரியும்ணே. நாங்களும் கொடத்தோட நின்னவுகதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். நாலு எட்டு வைப்பதற்குள், அவர் காதில் விழும்படியே மதினி கடைக்குப் போன் போட்டார்.

"தவசியண்ணன் வீட்டுக்குக் கேன் தண்ணி அனுப்புங்க. அன்னைக்கு எங்க அத்தைக்கு அனுப்புனீகள்ல, அதே தண்ணி."