வேண்டாம் என்று சொன்னதால் போன நாற்காலி

இன்று சர்ச்சில் பூசை முடிந்ததும், எனக்கு வர வேண்டிய பதவி என் வாயாலேயே போய்விட்டது!

பங்குப் பேரவை, அதாவது எங்கள் சர்ச் நிர்வாகக் குழுவின் துணைத்தலைவர் பதவி. (தலைவர் எப்போதும் ஃபாதர்தான். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய நாற்காலி இதுதான். எங்கள் பங்கில் இதுவரை ஒரு பெண்ணும் அதில் உட்கார்ந்ததில்லை.)

நான் எங்கள் தெரு ஜெபக் குழுவுக்கு, அதாவது அன்பியத்துக்குத் தலைவி. வாசகம் வாசிப்பேன், பீடத்துக்குப் பூ வைப்பேன், தேர்த் திருவிழாவில் ஜெபமாலை சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை கட்டும். அடுத்தது நான்தான் என்று ஊருக்கே தெரியும். காரிமங்கலம் போய்ப் புதுப்புடவைகூட எடுத்துவிட்டேன்!

ஃபாதர் கேட்டார்: "துணைத்தலைவரா யாரைப் போடலாம்?"

"நம்ம ரீத்தாக்காவப் போடுங்க ஃபாதர்!" என்றார் பின்வரிசை அந்தோணி அண்ணன்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். நாலு பேர் கெஞ்சுவார்கள். பிறகு மனசே இல்லாத மாதிரி எழுந்திருக்க வேண்டும். இதுவரை துணைத்தலைவர் ஆனவர்கள் எல்லாம் அப்படி ஆனவர்கள்தான்.

நானும் முறைப்படி, "ஐயோ எனக்கெதுக்குங்க ஃபாதர், வேற யாரையாச்சும் போடுங்க" என்றேன்.

ஃபாதர் வெளியூர்க்காரர், புதிதாக வந்தவர். "சரிம்மா, உங்க விருப்பம். யாரையும் வற்புறுத்தக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான்!

கெஞ்சுவதற்கு வாயைத் திறந்த அந்தோணி அண்ணன் அப்படியே மூடிக்கொண்டார்.

"ஸ்டெல்லா, நீங்க?"

ஸ்டெல்லா இப்போதுதான் கம்பைநல்லூரிலிருந்து மருமகளாக வந்தவள். எழுந்து நின்றாள்.

"சரிங்க ஃபாதர். நான் செய்யறேன்."

கைதட்டல்! என் வீட்டுக்காரரும் தட்டினார்!!

"நீதான வேண்டாம்னே? அதான் தட்டுனேன்" என்கிறார். (இன்றைக்கு வூட்டில் சோறு கிடையாது.)

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

ஸ்டெல்லா அதோடு விட்டாளா? "பேரவைல என்ன முடிவு பண்றமோ, அதை ஒவ்வொரு அன்பியத்துலயும் வந்து சொல்லிரணுங்க ஃபாதர். சனங்களுக்கு எதுவுமே தெரியறதில்லைங்க" என்றாள்.

இதை நான் வருஷக்கணக்காக வீட்டில் புலம்பிக்கொண்டிருக்கிறேன்! எழுந்து சொன்னதுதான் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க செயலாளரா வரணுங்க. ஃபாதர்கிட்டயும் கேட்டுட்டேன்."

என் பாழாய்ப்போன வாய் தானாகவே, "எனக்கெதுக்கு கண்ணு, வேற யாரையாச்சும்..." என்றது.

போச்சு! மறுபடியும் போச்சு!

ஸ்டெல்லா சிரித்தாள். "ரெண்டாவது தடவையா கேக்கறேன், வாங்கக்கா. எங்கூர்லயும் மொதல்ல வேண்டாம்னுதாங்க சொல்லுவாங்க."

அப்படியென்றால் அந்த முறை அவளுக்கும் தெரியும்! தெரிந்தே, அத்தனை ஆம்பளைகள் முன்னால், முதல் தடவையே 'சரிங்க' என்றிருக்கிறாள்!

நாற்காலி போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த ஒரு 'சரிங்க' எனக்கு வராமல் அவளுக்கு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

செயலாளர் ஆக உடனே ஒத்துக்கொண்டேன் மக்களே.

(மூன்றாவது தடவை கேட்பாள் என்று என்ன நிச்சயம்?!)