வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த கிளுவை

கல்லூரிப் பேச்சு மன்றத்தில் எனக்குக் கிடைத்த தலைப்பு, அனுமதி இல்லாமல் வேட்டையாடுவது திருட்டுக்குச் சமமா என்பது. சமம் என்று நான் பேச வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயம்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று முதலில் சப்பென்று போய்விட்டது. அப்புறம் ஒரு யோசனை. வேட்டைக்காரர்களே அதைக் குற்றமாக நினைக்கிறார்களா? கேட்டுவிடலாமே! கேட்பதற்கு வெளியே அலைய வேண்டியதில்லை. சாந்தோமில் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே ஒரு வேட்டைக்காரர் இருந்தார்.

அவர் என் மாமா, அம்மாவுக்குத் தம்பி. பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரம் முழுக்க வீட்டில் அவர் இருக்கும் சத்தமே கேட்காது. சனிக்கிழமை காலையில் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வேளச்சேரி ஏரிக்குக் கிளம்பும்போது பார்க்க வேண்டும், ஆளே வேறு. அது யுத்த காலம். பல பேருக்குத் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை. மாமாவுக்கு எப்படியோ கிடைத்துவிட்டது. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் ஜெபமாலையோடு வைத்திருப்பார்.

"ஒரு சின்னப் புகார் போதும்டா, பிடுங்கிடுவாங்க. அப்புறம் எனக்குச் சனிக்கிழமை எதுக்கு?" என்பார்.

அவரிடம்தான் கேட்டேன். "மாமா, அனுமதி இல்லாம காட்டுல பூந்து வேட்டையாடறவன் திருடனா?"

"இதுல என்னடா சந்தேகம்? திருடன்தான்."

இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில் எனக்கு ஏமாற்றம். கூடவே வருகிறேன் என்று நச்சரித்தேன். துப்பாக்கியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அழைத்துப் போனார்.

மழை விட்ட மறுநாள். ஏரியைத் தாண்டி, வயல் முடிந்து சர்க்கார் காட்டின் கம்பிவேலி தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நாணலிலிருந்து கிளுவை வாத்துக் கூட்டம் சடசடவென்று எழுந்தது. மாமா சுட்டார். ஒரு பறவை மட்டும் தள்ளாடி, சரிந்து, வேலிக்கு அந்தப் பக்கம் முட்புதரில் விழுந்தது.

மாமா யோசிக்கவே இல்லை. துப்பாக்கியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டார். குழலை மூடி என் கையில் திணித்தார்.

"பிடி. இங்கேயே நில்லு."

"மாமா, அது சர்க்கார் காடு!"

"தெரியும்."

"அங்க போய் எடுத்தா, நீங்க சொன்ன அதே..."

"அடிபட்டதை முள்ளுல துடிக்க விட்டுட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கச் சொல்றியா?"

மல்லாந்து படுத்துக் கம்பிக்கு அடியில் நழுவிப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? துப்பாக்கியைத் தோளில் சார்த்தி, ஒற்றைக் கண்ணை மூடி, போகிற வருகிற நாரையை எல்லாம் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். புதருக்குள் யாரோ அதட்டும் குரல் கேட்டது. முதலில் மாமா வந்தார், கையில் செத்த கிளுவை. பின்னாலேயே காவல்காரன்.

"இன்னா நைனா, பெரிய மனுசன் மாதிரி கீறே, இம்மாம் பெரிய வேலி கண்ணுக்குத் தெர்லியா?"

"நான் வேட்டையாட வரலைப்பா. அடிபட்டதை எடுக்கத்தான் வந்தேன். பாரு, கையில துப்பாக்கியே இல்ல."

"துப்பாக்கி தோ அங்க கீதே, புள்ள கையில!"

மாமாவின் முகம் வெளுத்தது. அடுத்தவர் எல்லைக்குள் துப்பாக்கியோடு போகக்கூடாது, குண்டை எடுத்துவிட்டுக் கூட வந்தவனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். அதை அவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார். ஆனால் லைசென்ஸ் அவர் பெயரில், துப்பாக்கி என் கையில். ஒரு வாரமாகச் சட்டம் சட்டம் என்று படித்துக்கொண்டிருந்த எனக்கும் அது காவல்காரனின் விரல் என் பக்கம் நீண்ட பிறகுதான் உறைத்தது.

காவல்காரன் எங்களை ரேஞ்சரிடம் கொண்டுபோனான். அவர் ஒரு கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லைசென்ஸை வாங்கிப் பெயர், உத்தியோகம் எல்லாம் படித்துப் பார்த்து, காற்றில் பறக்காமல் இருக்கக் காப்பி டம்ளரை அதன் மேலேயே வைத்தார். மாமா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள பூந்தது ஒரு தப்பு. பையன்கிட்ட துப்பாக்கியைக் கொடுத்தது இன்னொரு தப்பு. இதை நான் மேல அனுப்பினா லைசென்ஸ் என்ன ஆகும், தெரியுமில்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், நான் காலேஜ்ல இதைப் பத்தித்தான் பேசப்போறேன். சட்டப்படி பார்த்தா இது குத்தம்தான், ஆனா..."

மாமா என் காலை ஓங்கி மிதித்தார்.

"புள்ளயே ஒத்துக்கினுச்சு சார்," என்றான் காவல்காரன்.

ரேஞ்சர் கிளுவையைப் புரட்டிப் பார்த்தார். "எப்படிச் சுட்டீங்க? தண்ணியில உக்காந்திருந்ததையா?"

அதுவரை கைகட்டி நின்றிருந்த மாமா நிமிர்ந்தார். "சார், லைசென்ஸை வேணும்னா வச்சுக்கங்க. உக்காந்த பறவையைச் சுட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. உக்காந்ததைச் சுடறது வேட்டைக்காரனுக்குக் கேவலம் சார், எழும்பவிட்டுத்தான் சுட்டேன்."

ரேஞ்சர் கிளுவையை மேஜையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவரும் துப்பாக்கி பிடித்த ஆள்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் சுடுவியா?"

"இன்னிக்குத்தான் சார் கையிலயே வாங்கினேன்."

"அப்படியா? திற, பார்ப்போம்."

இழுத்தேன். அமுக்கினேன். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முறுக்கினேன். அது திறந்தால்தானே!

"அய்ய, அது தண்ணிக் கொழா இல்ல நைனா, திருகாதே!" என்று காவல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரேஞ்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியை வாங்கி ஒரே தட்டில் திறந்தார். இரண்டு குழலும் காலி. அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. மாமா பையிலிருந்த தோட்டாக்களை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இவனா சுடறவன்! ஒரு கட்டையைத் தூக்கிக்கிட்டு நின்னிருக்கான், அவ்வளவுதான். எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, வாத்தியாரே."

டம்ளரைத் தூக்கி லைசென்ஸை நீட்டினார். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், பங்குச் சாமியார் மந்திரித்த ஜெபமாலையை வாங்குவது போல.

"பறவை இங்கேயே இருக்கட்டும். சர்க்கார் மண்ணுல விழுந்தது," என்றார் ரேஞ்சர்.

காவல்காரன் கிளுவையின் மார்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். "நல்லா கொழுப்பா கீது சார். மொளகு தூக்கலாப் போட்டா..."

"போடா, போய் வேலையைப் பாரு." ஆனால் புதைத்துவிடு என்று அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது மாமா சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அதற்கு முன் அவர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. நடுநடுவே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அடையாற்றுப் பாலத்தருகே ஒருவன் கழிமுகச் சேற்றில் கண்ணி வைத்துக் கொக்குப் பிடித்துக்கொண்டிருந்தான். மாமா சட்டென்று பிரேக் போட்டார்.

"பார்த்தியா, திருட்டுப் பய! இவனையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும்."

"அப்போ நீங்க, மாமா?"

"நானா? நான் என்னடா பண்ணினேன்?"

கேலியே இல்லை, நிஜமாகவே கேட்டார். என் தலைப்புக்கு வேண்டிய பேச்சு முழுவதும் அங்கேயே கிடைத்துவிட்டது. எந்தக் கட்சியில் நின்று பேசுவது என்பதுதான் குழம்பிப்போயிற்று.

வீட்டு வாசலில் அம்மா காலிப் பையைப் பார்த்தாள். "என்னடா, வெறுங்கையா வந்திருக்கே?"

"வாழைக்காய் இருந்தா வறுத்துடு அக்கா, அது போதும்," என்று மாமா மாடிக்கு ஏறினார்.

நானும் பின்னாலேயே போனேன். லைசென்ஸின் நடுவில் காப்பி டம்ளரின் ஈரம் வட்டமாகப் பதிந்திருந்தது. மாமா அதை மொட்டைமாடி வெயிலில் விரித்து, நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை. காக்கை வந்துவிடாமல் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், சீட்டியடித்தபடி.