மெத்தை போட அனுமதி இல்லை

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டு விடாத ஓர் ஆனி மாதம் அது. அடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னக் காலனியில் நாங்கள் குடியிருந்தோம். பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்த அப்பா, அந்த மாதம்தான் இறந்துபோனார்.

எங்கள் காலனிக்கு ஒரு விசேஷம் உண்டு. கார்ப்பரேஷன் லாரி வந்தால் வரும், வராவிட்டால் வராது என்பதால், தெருமுனையில் கால்வாய் ஓரமாக நாங்களே ஒரு குப்பை மைதானம் வைத்திருந்தோம். சமையலறைக் கழிவுக்கும் தழைக்கும் ஒரு பெரிய குழி. காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு தகரக் கொட்டகை. கண்ணாடிக்கு ஒரு டின், இரும்புக்கு ஒரு டின். வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் விதிகள் எழுதிய பலகை. இந்த ஏற்பாடு முழுவதும் காலனி சங்கத்தின் செக்ரட்டரி செய்தது. மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மனுஷனுக்கு ஃபைல் இல்லாமல் கை பரபரத்திருக்கிறது, குப்பை அகப்பட்டது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குப்பை இன்ஸ்பெக்டர். தப்பான இடத்தில் யாராவது எதையாவது போட்டால், அது யார் வீட்டுடையது என்று கண்டுபிடித்து அந்த வீட்டு வாசலிலேயே திருப்பி வைத்துவிடுவார். ஒரு முறை, புதுமனை புகுவிழா நடந்த வீட்டுக்காரர் பழைய கக்கூஸ் பீங்கானை உடைத்துக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். மறுநாள் விருந்தாளிகள் வரும் நேரத்துக்கு அது கோலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நமக்கு வராத வரைக்கும் எல்லாம் வேடிக்கைதான்.

இறந்தவர் படுத்த படுக்கையை வீட்டில் வைத்துக்கொள்வது எங்களில் வழக்கம் இல்லை. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் விடியற்காலையில் நானும் அத்திபெலேயிலிருந்து வந்திருந்த தாய்மாமாவும் அந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். 'மெத்தை, மரச்சாமான் போட அனுமதி இல்லை' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மாமா நிதானமாக அதைப் படித்தார்.

"நம்ம மெத்தைக்குன்னா எழுதியிருக்கான்? போட்டுட்டு வா. திரும்பிப் பாக்காத."

திரும்பிப் பார்க்காமல்தான் வந்தேன். ஆனால் பட்டறைக்குப் போகிற வழியே அதுதான். காலையில் போகும்போது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை என்று தினமும் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. மழையில் ஊறி உப்பிப் போய், கறை எல்லாம் வெளியே தெரிய, வேலியோரம் கிடந்தது. அப்பா படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்த இடத்தில் ஒரு தெருநாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நாய் என்றால் உயிர் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், நாயைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதைக் கல்லால் அடித்து விரட்டினேன். மத்தியானம் வந்து பார்த்தால் அதே இடத்தில் படுத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா இறந்த சமயத்தில் செக்ரட்டரி ஊரில் இல்லை, மைசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வந்ததும் வராததுமாக மைதானத்தில் நின்று, கோபத்தில் கன்னடமும் கலந்து கத்தினார்.

"யாரு வீட்டு மெத்தை இது? கார்ப்பரேஷன்காரங்க எடுக்கமாட்டாங்க, வச்சு எரிக்கவும் முடியாது. சும்னே விட்டுடுவேன்னு நெனச்சாங்களா? கண்டுபிடிச்சு அவங்க வாசல்லயே விரிச்சுப் போடறேன்."

வீடு வீடாகப் போய் விசாரிக்கவும் ஆரம்பித்தார். யாருடைய மெத்தை என்று தெருவுக்கே தெரியும். ஆனால் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாவைக்கூட அவரிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார்கள். சொன்னால் மெத்தையும் கூடவே வெளியே வந்துவிடும் அல்லவா? தண்ணீர்க் குழாயடியில் எங்களோடு சண்டை போட்டு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த எதிர்வீட்டு அம்மாள்கூட "தெரியாது சார்" என்றாராம். அந்த ஒரு சொல்லுக்காக அவரை என்றைக்கும் மறக்கமாட்டேன்.

இந்தப் பேச்சு அம்மா காதுக்கு எட்டியதும் அம்மா சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துவிட்டவள் அவள். காரியம் இன்னும் முடியவில்லை.

"போனது திரும்பி வாசலுக்கு வந்தா என்னடா அர்த்தம்? அத நான் இன்னொரு வாட்டி பாக்கமாட்டேன். அதுக்கு முன்னாடி நான் போயிடறேன்" என்றாள். சும்மா சொல்கிற ஆள் இல்லை அம்மா. இரவோடு இரவாக அதை வேறெங்காவது கொண்டுபோய்த் தள்ளலாம் என்றால், தண்ணீர் குடித்த மெத்தை நான்கு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று ஏதோ கேட்க வாயெடுத்தவர் உள்ளே பார்த்தார். அப்பாவின் படம், முன்னால் எரியும் விளக்கு. சுவரோரமாக, வெறும் பலகையாகக் கிடந்த கட்டில். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்தைக் கும்பிட்டார். "எப்போம்மா ஆச்சு? எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசல்வரை போனவர் என்னிடம் தணிந்த குரலில், "நாளைக்கு விடிஞ்சதும் மைதானத்துக்கு வாப்பா. ஒரு நல்ல கத்திரிக்கோலா எடுத்துட்டு வா" என்றார்.

மரியாதைக்காக வீட்டில் வைத்துச் சொல்லாமல் விட்டார், நாளைக்கு என் தலையிலேயே அதை ஏற்றி அனுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கும் அதே நினைப்பு. இரண்டு பேரும் தூங்கவில்லை.

காலையில் போனபோது மழை விட்டிருந்தது. செக்ரட்டரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். எங்கள் மெத்தைக்குப் பக்கத்தில் இன்னொரு மெத்தை, சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தது. தூசி படிந்திருந்ததே தவிர, நனையவில்லை. விதியை மீறிய ஆள் நான் மட்டும் இல்லை என்று ஒரு அல்ப நிம்மதி எனக்கு.

"இது யாரோடது சார்?"

"என் வீட்டம்மாவோடது" என்றார். "அவ போயி மூணு வருஷம் ஆவுது. மெத்தை போடக்கூடாதுன்னு பலகையில எழுதினவன் நானு. நானே எப்படிக் கொண்டாந்து போடறது? பரண்ல ஏத்திட்டேன். தெனம் அதுக்குக் கீழதான் படுத்துக்கறேன்."

கத்திரிக்கோலை நீட்டினேன்.

"மெத்தையாப் போட்டாத்தானே தப்பு? பிரிச்சுப் போட்டுடலாம். பஞ்சு மக்கற சாமான். குழியில போயிடும்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். அப்பாவின் பஞ்சு நனைந்து கட்டிகட்டியாக வந்தது. அந்த அம்மாளுடைய பஞ்சு காய்ந்திருந்ததால் காற்றில் பறந்து எங்கள் தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டது. கை கையாக அள்ளிக் குழியில் போட்டு மேலே மண் தள்ளினோம். அப்பாவையும் மண்ணில்தான் வைத்திருந்தோம். அதனால் எனக்கு அது தப்பாகப் படவில்லை. மெத்தை உறைகளை அவர் கந்தல் துணிக்கான சாக்கில் மடித்து வைத்தார். அந்த நேரத்திலும் மடித்துத்தான் வைத்தார்.

கடைசிப் பிடிப் பஞ்சை உதறியபோது அதிலிருந்து ஒரு கொண்டை ஊசி விழுந்தது. துருப்பிடித்த சாதாரண ஊசி. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரும்புச் சாமானுக்கு டின் பக்கத்திலேயே இருந்தது. அந்த டின்னை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் குனிந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவரு ஏதாச்சும் சாப்பிட்டாராடா?" என்றாள். பிறகுதான் தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது. 'இறந்தவர் படுக்கை இருந்தால் சொல்லி அனுப்பவும். நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்.' நாங்கள் என்றால் அவரும் நானும்தான். அந்தக் காலனியை விட்டு வரும் வரைக்கும் சாவு விழுந்த வீடுகளுக்குக் கத்திரிக்கோலோடு போய் வந்தேன். இப்போதும் எங்காவது ஒருவர் சட்டம் பேசிக் கத்தும்போது எனக்குக் கோபம் வரும். கூடவே, இவர் வீட்டுப் பரணில் என்ன சுருட்டி வைத்திருக்கிறாரோ என்றும் தோன்றிவிடும், அதற்குமேல் சண்டை போட வாய் வருவதில்லை.