வீட்டுக்காரருக்கு ஒரு பைலட் வாட்ச்

எங்கள் ராயபுரத்தில் பைலட் என்றால் விமானம் ஓட்டுகிறவர் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலில் ஏறி, அதைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கொண்டுவருகிறவர்தான் பைலட். அவரைக் கப்பல்வரை கூட்டிப் போகிற படகில் என் வீட்டுக்காரருக்கு இருபத்து நாலு வருஷமாக வேலை. அதனால், போனில் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது 'மிலிட்டரி பைலட் வாட்ச்' என்று ஒன்று கண்ணில் பட்டதும் நான் யோசிக்கவே இல்லை. கல்யாண நாள் வருகிறது, மனுஷனுக்கு வேலைக்கேற்ற வாட்சாக இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்தால் மேலே விமானப் படம் போட்டிருக்கிறது.

"இன்னாமே, என்னை ஏர்போர்ட்டுக்கு மாத்திட்டியா?" என்று அவர் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"பைலட்டுன்னு போட்டுகீது, நான் இன்னாத்தக் கண்டேன்?" என்று நானும் எகிறினேன். திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றதற்கு அவர் ஒப்பவில்லை. "கெடக்கட்டும், நல்லாத்தான் கீது" என்று அப்போதே கையில் கட்டிக்கொண்டார்.

கூட வந்த காகிதத்தை உட்கார்ந்து படித்தேன். எனக்கு அந்த வாட்ச் மேல் மரியாதை வந்தது அப்போதுதான். முகம் முழுக்கக் கறுப்பு, கொஞ்சமும் மினுக்கு கிடையாது. வெளிச்சம் பட்டுக் கண் கூசக்கூடாதாம். எண்கள் தடித்தடியாக வெள்ளையில். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை, ஒரு முக்கோணமும் பக்கத்துக்கு ஒரு புள்ளியும்தான். வானத்தில் உருண்டு புரளுகிறவனுக்கு எது மேல், எது கீழ் என்பதே குழம்பிவிடும். முக்கோணத்தைப் பார்த்தால் அரை நொடியில் பிடிபடுமாம். சாவி கொடுக்கிற குமிழ் சாம்பார் வெங்காயம் அளவு, கையுறை போட்ட விரலுக்கும் சிக்கட்டும் என்று. தயாரித்தவன் தன் பேரைக்கூட முகத்தில் போடவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு இருட்டில் மணி பார்க்கிற ஒருத்தனை மனசில் வைத்து, அவன் பக்கமிருந்தே எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான் யாரோ ஒரு புண்ணியவான். என் சமையலறையை அப்படி யோசித்து யாராவது கட்டினார்களா? எண்ணெய் டப்பாவை எடுக்க இன்னும் நாற்காலி போட்டு ஏறுகிறேன்.

அவருக்கோ அந்த வாட்ச் உயிராகிவிட்டது. கேட்காதவர்களுக்கெல்லாம் மணி சொன்னார். மாதா கோயிலில் பூசை நடக்கும்போதே என் காதோரம் வந்து, "எட்டே முக்காலு" என்பார். "யோவ், சாமியாரு பிரசங்கம் பண்றாரு, சும்மா இருய்யா" என்று தொடையில் கிள்ளுவேன். புதுப் பொம்மை கிடைத்த குழந்தைபோல ஆடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரே ஒரு குறை, வார். விமானம் ஓட்டுகிறவனின் தடித்த சட்டைக்கு மேலே கட்டுவதற்கென்று நீளமாகச் செய்தது. இவர் கையில் அது நாக்குமாதிரி தொங்கியது. இன்னும் ரெண்டு ஓட்டை போட்டு, மிச்சத்தை வெட்டிவிடலாம் என்று ஒருநாள் காலையில் வாட்ச் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் சாயங்காலம் வரச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் தூங்கி எழுந்தவர், "மணி இன்னாமே?" என்றார்.

"தலைக்கு மேலதானே கடியாரம் கீது."

அண்ணாந்து பார்த்தார். "ஐயோ, நாலு பத்து! நாலு மணிக்கு டூட்டிமே!" என்று சட்டையை இழுத்து மாட்டினார்.

மணி இரண்டு இருபது. பெரிய முள்ளையும் சின்ன முள்ளையும் மாற்றிப் பார்த்திருக்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "யோவ், ரெண்டு இருபதுய்யா!" அவர் சிரிக்கவில்லை. பொத்தானில் கையை வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் சிரிப்பும் நின்றுபோனது.

"எத்தினி நாளா?" என்றேன்.

"ஆறு மாசமா. கண்ணுல புரைன்னு டாக்டரம்மா சொல்லிச்சு. ஆபரேசன்னு போனா கரையில ஒக்கார வெச்சுருவானுங்கமே. அந்த வாட்சுல மட்டும் நல்லாத் தெரிது."

சேசுவே! இந்த மனுஷன் படகில் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத்தானே தெரியும். கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி தொங்கும். அலை படகைத் தூக்குகிற நேரம் பார்த்து இவர் "இப்போ!" என்று கத்துவார். அந்தச் சொல்லை நம்பித்தான் பைலட் ஏணிக்குத் தாவுவார். ஒரு நொடி பிசகினால் படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் நசுங்க வேண்டியதுதான்.

"ஏணி தெரிதாய்யா உனக்கு?"

"அலை கால்ல தெரியும்மே."

"ஏணியக் கேட்டேன்."

சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "யாரனா ஒர்த்தன் செத்தப்புறம் போய்க் கண்ணைக் காட்டுவியா? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா? நீயே சொல்றியா, இல்ல நான் ஆர்பர் கேட்டாண்ட வந்து கத்தட்டா?"

அவர் போனை என்னிடமே நீட்டினார். பேரைத் தேடி எடுக்க அவருக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்கிற பைலட்டுகளில் மூத்தவருக்குப் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தேன். இவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"தெரியும்ப்பா" என்றார் பைலட். "லீவு போட்டுட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிக்கோ. டாக்டர் எழுதிக் குடுத்தா மறுபடியும் படகுக்கே வரலாம். உன்கிட்ட யார் எடுத்துச் சொல்றதுன்னுதான் நாங்க இத்தனை நாள் முழிச்சிட்டிருந்தோம். அது எங்க தப்புதான்."

"தெரிஞ்சுமா சார் என் பேச்சக் கேட்டு ஏறுனீங்க?"

"உன் சத்தத்துக்கு நாங்க ஏறி ஆறு மாசம் ஆச்சுப்பா. நாங்களே அலையைப் பாத்துதான் ஏறறோம்."

"அப்போ நான் 'இப்போ'ன்னு கத்துனது?"

"கத்திட்டுப் போகட்டும்னு விட்டோம். வேணாம்னு சொல்ல யாருக்கும் மனசு வரலை."

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் அழுதார். அவர் அம்மா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். திட்ட வாய் வரவில்லை. எனக்கு என் மேல்தான் வெட்கமாக இருந்தது. காரப்பொடி மீனை முள் பிரித்துத் தின்பதில் இந்தத் தெருவிலேயே இவரை மிஞ்ச ஆள் கிடையாது. கொஞ்ச காலமாக, முள்ளு மீன் வேணாம்மே, வஞ்சரம் வாங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசாக ஆக நாக்கு நீளுது என்று நானும் நாலு பேர் எதிரில் கேலி பேசியிருக்கிறேன். கடலில் ஏணியைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து சோறு போட்ட எனக்குத் தெரியவில்லை.