நான் திருப்பி அனுப்பிய அணுகுண்டு

அணுகுண்டு போட முடிவெடுக்கும் சரித்திர நாடகம் எந்த மொழியில் வந்தாலும் என் மனைவி விடமாட்டாள். எல்லாம் ஒரே மாதிரிதான். மூடிய அறை, நாலைந்து கோட்டுக்காரர்கள், நடுவில் வியர்த்துக்கொண்டு ஒரு தலைவர். மனசாட்சியோடு மல்லுக்கட்டிக் கடைசியில் கையெழுத்துப் போடுவார். "இவருக்கு உறக்கம் போச்சுன்னு சொல்ல ரெண்டரை மணி நேரம். கீழ இருந்தவளுக்கு ஒரு வசனம் உண்டுமா?" என்று டிவியோடு சண்டை போடுவாள். போன வருடம் கரமனையில் எங்கள் தெருக்காரர்களின் ஆண்டு விழாவுக்கு அவளே ஒன்று எழுதிவிட்டாள்.

நாடகம் இருபது நிமிடம். ஜனாதிபதி கையெழுத்திட்டதும் விளக்கு அணையும். குண்டு விழுந்த ஊரின் செத்துப்போன பெண்ணாக அவள் வந்து பேசுவாள். அந்த ஐந்து நிமிடப் பேச்சை மூன்று மாதம் அடுக்களையில் பேசிப் பழகினாள். குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது, கரிந்ததையே ஊற்றிச் சாப்பிட்டேன். அவள் எழுதியது முதல்முறையாக மேடை ஏறுகிறது. இது சொதப்பினால் பிறகு பேனாவையே தொடமாட்டாள்.

ஜனாதிபதி வேடம் எனக்கு. முப்பத்திரண்டு வருடம் செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்த்தவனுக்குக் கையெழுத்துப் போடுவது இயல்பாக வரும் என்று நம்பினாள். பாவம்.

ஒத்திகையில் வெறும் தாளைத்தான் நீட்டினார்கள். விழாவன்று அசலாக இருக்கட்டும் என்று பரணிலிருந்து என் பழைய ஃபைல் அட்டையை எடுத்து, நாடா கட்டி, ‘அவசரம்’ என்று சிவப்புச் சீட்டும் ஒட்டிவிட்டாள். தளபதியாக நடித்த பக்கத்து வீட்டு மலையாளி, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், அதை என் முன்னால் வைத்து சல்யூட் அடித்தார்.

அவசரம் என்று வரும் ஃபைலில்தான் வில்லங்கம் இருக்கும். கை தானாக நாடாவை அவிழ்த்தது. உள்ளே ஒற்றைத் தாள். ஃபைல் நம்பர் இல்லை. கீழே இருப்பவர்களின் குறிப்பு இல்லை. ஒரு தெருக்குழாய் போடவே பதினோரு பேர் எழுதுவார்கள், இங்கே ஓர் ஊரையே கொளுத்தப் போகிறார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஓரத்தில் ‘டிஸ்கஸ்’, அதாவது நேரில் வந்து பேசு, என்று எழுதி, இனிஷியல் போட்டுத் திருப்பித் தள்ளினேன்.

தளபதி வெலவெலத்துப் போனார். "சாரே, ஒப்புப் போடணும்," என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"லா டிபார்ட்மென்ட் பார்த்தாச்சா?" என்றேன், மைக் கேட்க.

"பிளேன் புறப்பட்டுப் போயாச்சு, சாரே."

"யாரு சாங்ஷன் பண்ணினது?"

எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள், கைதட்டினார்கள். எனக்கும் குஷியாகத்தான் இருந்தது, மேடையோரத் திரையைப் பார்க்கும் வரை. முகமெல்லாம் கரி பூசி, கிழிந்த புடவையோடு அவள் அங்கே நின்றிருந்தாள். அவளுடைய மூன்று மாதத்தையும் தின்று ஏப்பம் விட்டிருந்தேன்.

விளக்கு அணைவதற்குக் காத்திராமல் அவள் மேடைக்கு வந்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் தொடர்ந்து, பின் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. தளபதியின் கையிலிருந்த ஃபைலை வாங்கி என் முன்னால் விரித்தாள். பேனாவை எடுத்து என் விரலுக்குள் வைத்தாள்.

"நீங்க அன்னைக்குத் திருப்பி அனுப்பல்லையே," என்றாள், தணிந்த குரலில். "அனுப்பியிருந்தா நான் உசிரோட இருந்திருப்பேன். ஒப்புப் போடுங்க."

அது அவள் எழுதிவைத்த வசனம் இல்லை. ‘டிஸ்கஸ்’ஸை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

விளக்கு அணைந்தது. இருட்டில் அவள் பேசத் தொடங்கினாள். அடுக்களையில் நூறு தடவை கேட்ட பேச்சுதான். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.