மணல் மூட்டையோடு மலையேறிய ராமையா

பொகவந்தலாவையிலிருந்து வந்த லொறிச் சாரதிதான் செய்தி கொண்டுவந்தார். வட்டவளையில் நான் இப்போது வேலை பார்க்கும் தோட்டத்து மருந்துச்சாலை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "ஐயா, பட்டாளத்து ராமையா அண்ணன் செத்துப் போயிட்டாருங்க. நேத்தே பொதச்சிட்டாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது தேயிலை மலைக்குக் கீழே ஈரமண் குவியல் ஒன்று மட்டுமே இருந்தது. அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

ராமையா அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவரும் அதே தோட்டத்து இளைஞர்கள் நால்வரும் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார்கள். காட்டில் பாதை வெட்டுவதும் வெடிகுண்டுப் பெட்டி சுமப்பதும் அவர்கள் வேலை. நால்வரும் அங்கேயே மாண்டார்கள். ஒரு சடலமும் வீடு வரவில்லை. ராமையா மட்டும் திரும்பி வந்து, மறுநாளே கவ்வாத்துக் கத்தியோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றார்.

பிறகு நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஆட்களில் யுத்தத்தில் இறந்தவர்களுக்குத் தேவாலயத்தில் பூ வைக்கும் நாள் வந்தது. நால்வரின் பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று கேட்க, ராமையா பெரிய துரையிடம் போனார். அவர் பேச்சை இங்கிலீசில் சொல்ல, அப்போது அந்தத் தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த நானும் போனேன். "அவர்கள் சுமை தூக்கியவர்கள். நாங்கள் வாசிப்பது சிப்பாய்களின் பெயரை" என்றார் துரை. பங்களாப் படி இறங்கும்போது ராமையா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு சொன்னார்: "சொமந்தவங்கதானுங்களே? சரிங்கையா, சொமந்தே காட்டுறோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணலை நான்கு சாக்குகளில் நிரப்பினார். வெடிகுண்டுப் பெட்டியின் பாரம் அவர் தோளுக்குத் தெரியும். தூக்கித் தூக்கிப் பார்த்தே அளந்தார். செல்லையா, முருகேசன் என்று மூட்டைக்கு மாண்டவர் ஒருவர் பெயர் வைத்தார். தோட்டத்து இளைஞர்களைப் பந்தயத்துக்கு அழைத்தார்: பாலத்திலிருந்து உச்சிப் பாறைவரை மூட்டை தரையில் படாமல் போக வேண்டும். ஒருவர் களைத்தால் இன்னொருவர் தோள் கொடுக்கலாம். "மொதல்ல வந்தவனுக்கு ஒண்ணும் கெடையாது. எல்லாரும் வந்து சேரணும்" என்பதுதான் பந்தயத்தின் சட்டம். உச்சியில் நால்வரின் பெயரையும் உரக்கச் சொல்வார்கள்.

முதல் வருடம் சிரித்துக்கொண்டு ஏறிய இளைஞர்கள், அடுத்தடுத்த வருடங்களில் அந்த நாளுக்காகவே உடம்பைத் தயார்செய்தார்கள். கசிப்புச் சாராயத்தை விட்டார்கள். வேலை முடிந்ததும் மண்வெட்டிகளைக் கட்டிச் சுமந்து செங்குத்துப் பாதையில் ஓடினார்கள். ஒரு வருடம் பூண்டுலோயாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தைலமும் துணிக்கட்டும் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறுவேன்.

மாண்டவர்களில் ஒருவரான செல்லையாவின் மனைவி பாக்கியம் இரண்டாம் வருடமே பாலத்தடியில் வந்து நின்றாள். "ஒனக்கு வேணாம் தங்கச்சி" என்றார் ராமையா.

"கொழுந்துக் கூடைய மட்டும் யாருண்ணே சொமக்குறா? எம்புருசன் மூட்டைய எந்தலயில வைங்க."

அதன்பின் அந்த மூட்டையை வேறு யாரும் தொடவில்லை.

பிறகு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எல்லோரும் மனுப்போட்டார்கள். விசாரணைக்கு ராமையாவோடு போனேன். தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார் அதிகாரி. ராமையா மடியிலிருந்து பட்டாளத்துப் பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல் அவர் பக்கமே தள்ளினார். மனு நிராகரிக்கப்பட்டது.

அந்த வருடம் இளைஞன் ஒருவன் பெரட்டுக் களத்திலேயே கேட்டான்: "நாம எந்த நாட்டு ஆளுன்னே தெரியல. எந்த நாட்டுக்காகச் செத்தாங்கன்னு நாங்க தூக்குறது?"

"நாட்டுக்காவா? செல்லையா எங்கூட ஒரே தட்டுல சோறு தின்னவன்டா" என்றார் ராமையா.

சிலர் தலையசைத்தார்கள். ஆனால் பலர் மலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வருடங்களில் இன்னும் குறைந்தார்கள். இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் எங்கள் மக்களைப் பங்குபோட்டுக்கொண்ட பிறகு, லயக் குடியிருப்புகளில் இந்தியாவுக்குப் போகும் கப்பலைப் பற்றிய பேச்சு மட்டுமே மிஞ்சியது.

கடைசியாகச் சுமந்து ஏறியவர்கள் ராமையாவும் பாக்கியமும்தான். நான்கு மூட்டைக்கு ஆளில்லாமல் முருகேசன், செல்லையா மூட்டை இரண்டோடு கிளம்பினார்கள்; நானும் பின்னால் ஏறினேன். அவருடைய நுரையீரல் கெட்டுவிட்டதை நான் முன்பே சொல்லியிருந்தேன். "வருசத்துல ஒரு நாளுதானுங்களே" என்றார். பாதி மலையில் இருமல் பிடித்தது. முழங்காலிட்டார். வாயில் இரத்தம் வந்தது. தோளிலிருந்து நழுவிய மூட்டை உருண்டு, தேயிலைத் தூரில் மோதிக் கிழிந்தது. அவர் தவழ்ந்து போய் மணலை இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினார். தேயிலை மண்ணும் ஆற்று மணலும் ஒன்றாகக் கலந்திருந்தன.

"எந்திரிங்கண்ணே, போதும்."

"இதுல எது முருகேசன், எது மண்ணுன்னு தெரியலியே தங்கச்சி."

பாக்கியம் தலைச்சுமையோடு நின்றபடியே அழுதாள். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. அன்று முதன்முறையாக நால்வரின் பெயரும் அங்கே சொல்லப்படவில்லை.

சில மாதங்களில் பாக்கியத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஹட்டனில் ரயில் ஏறினாள். வழியனுப்ப ராமையாவால் எழுந்து நிற்கவும் முடியவில்லை.

வட்டவளைக்கு மாற்றலாகி வருமுன் அவரைப் பார்க்க லயத்துக்குப் போனேன். நாடி பார்க்க நீட்டிய என் கையை அவர் பிடித்துக்கொண்டார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அவங்களுக்காச்சும் நான் இருந்தேங்கையா. நாங்க அஞ்சு பேரு போனோம்னு இனிமே யாருங்க சொல்லுவா?"

"நான் சொல்றேன் ராமையா."

"நீங்களும் போறீங்களேங்கையா" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது மணிக்கட்டில் அந்தப் பிடியும், நான் கொடுத்த வாக்கும்தான். அதை நிறைவேற்ற இப்படிப் பத்திரிகைக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவரோடு மலையேறிய உங்களில் எத்தனை பேர் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் தெரியவில்லை.